வீட்டில் நீங்கள் ஒருவர்தான் விசுவாசி என்றால்

இந்துக் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பிறகு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, அதே வீட்டில் அதே தெருவில் தொடர்ந்து குடியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கு இதில் பாதி விளங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது அவர்களுக்கு ஒரு காரியமே இல்லை. உங்களுக்கு அந்தச் செருப்புச் சத்தமே சண்டைக்கு ஆரம்பம்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் அப்பா இயேசு என்ற பெயரைக் கேட்டுக் கோபப்படுகிறவராக இருக்கமாட்டார். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவராகக்கூட இருப்பார். அவருடைய பயம் வேறு. நான் செத்தால் இவன் கொள்ளி வைப்பானா? இவனால் சின்னவளுக்கு மாப்பிள்ளை அமையாமல் போகுமா? ஊர்க்கூட்டத்தில் என்னை என்ன கேட்பார்கள்? சம்பளத்தைக் கொண்டுபோய் சபையில் கொட்டிவிடுவானா? இந்த நாலு கேள்விக்கும் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. வருஷக்கணக்கில் நடந்து காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டில் வரும் சண்டை எல்லாம் சிலுவைக்காக வருவதல்ல. கணிசமானது நம் வாயால் வருவது. கொலைபாதகன், திருடன் என்று அடுக்கிக்கொண்டே வரும் பேதுரு, அதே வரிசையில் ‘அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்’ என்பவனையும் சேர்க்கிறார் (1 பேதுரு 4:15). பூஜையறைப் படங்களைக் கழற்றி வீசியவன், அத்தை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் விக்கிரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவள் எல்லாம் அடிவாங்கிவிட்டு அதைப் பாடு என்று சாட்சி சொல்லக் கூடாது. அந்தப் படங்கள் உங்கள் அம்மாவுடையவை. தொடாதீர்கள்.

முதல் ஆறு மாதம்

சொல்லும் வரிசை முக்கியம். யார் உங்களை அதிகம் நேசிக்கிறாரோ அவரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அம்மாவோ அக்காவோதான். அப்பாவுக்கு மூன்றாம் ஆள் வாயிலாகப் போகவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தால், அவருக்கு வலிப்பது நீங்கள் மதம் மாறியது அல்ல. தனக்குக் கடைசியாகத் தெரிந்ததுதான். தீபாவளி, ஆடி வெள்ளி, சாவு வீடு, கல்யாணப் பேச்சு நடக்கும் வாரம், இவை எதிலும் சொல்லாதீர்கள். சாதாரணமான ஒரு நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்: “நான் இயேசுவைக் கும்பிடுறேன்ப்பா. உங்க பிள்ளையா இருக்கிறதுல ஒரு குறையும் வராது.” அதற்கு மேல் அன்றைக்கு வாதம் வேண்டாம். அவர் எழுந்து போனால் போகட்டும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் வைப்பது, முகநூலில் ஞானஸ்நானப் படம் போடுவது எல்லாம் முதல் வருஷத்துக்கு வேண்டாம். சொந்தக்காரர்கள் அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்புவார்கள். அவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

ஒற்றை அறை வீட்டில் ஜெபிப்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். தினமும் 20 நிமிடம் போதும். விடியற்காலை 4.45 அல்லது 5 மணி நல்லது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்னால். மொட்டை மாடி இருந்தால் மாடி. இல்லையென்றால் நடந்துகொண்டே ஜெபிக்கலாம், நடைப்பயிற்சியை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வேதத்தைப் போனில் படித்தால் நீங்கள் போன் நோண்டுகிறீர்கள் என்றே வீட்டில் நினைப்பார்கள். முடிந்தவரை புத்தகமாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பூஜையறை அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்நியபாஷையும் சத்தமான ஜெபமும் சபையில் இருக்கட்டும். தூங்குகிற தம்பியை எழுப்பிவிட்டு ஜெபிக்கிற ஜெபத்தால் தம்பிக்குக் கர்த்தர்மேல் எரிச்சல் வருவதைத்தான் பார்த்திருக்கிறோம். உபவாச நாளை அம்மாவிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். ஆக்கி வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனால், கோபித்துக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு தாளும் இரண்டு பட்டியலும்

உங்கள் போதகரோடு உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதலாவது, ‘செய்யமாட்டேன்’. இதில் நாலைந்துக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு தெய்வத்தை விழுந்து கும்பிடுவது, படையல் வைப்பது, பிதுர் தர்ப்பணம், குறி கேட்பது என்று அளவாக எழுதுங்கள். இரண்டாவது, ‘செய்வேன்’. இது முதல் பட்டியலைவிட மூன்று மடங்கு நீளமாக இருக்க வேண்டும்: பண்டிகைக்கு வீட்டைக் கழுவிவிடுவது, அம்மாவுக்குப் புடவை எடுப்பது, தாத்தாவைக் கோயில் வாசல்வரை வண்டியில் கொண்டுபோய் விட்டுக் காத்திருந்து கூட்டிவருவது, பந்தியில் பரிமாறுவது, விறகு சுமப்பது.

கோயில் வாசலில் நிற்பதே பாவம் என்று சிலர் போதிப்பார்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டதைப் படியுங்கள். ராஜா நாகமானின் கையின்மேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டிவருமே என்று கேட்டான். எலிசா ‘சமாதானத்தோடே போ’ என்றார் (2 இராஜாக்கள் 5:18, 19). எல்லாவற்றுக்கும் அதையே சாக்காக எடுக்க முடியாது. ஆனால் கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறவனுக்கு அதில் இடம் இருக்கிறது.

பிரசாதத்துக்குப் பவுல் சொன்ன வழி நடைமுறைக்கு ஏற்றது: பந்தியில் வைத்ததை மனச்சாட்சிக்காக விசாரிக்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே (1 கொரிந்தியர் 10:27, 28). சிக்கல் வீட்டுப் படையலில்தான் வரும். அம்மா இலையில் பொங்கலும் வடையும் வைத்துப் படைத்துவிட்டு, முதல் கவளத்தை உங்களுக்குத்தான் நீட்டுவார், மூத்த பிள்ளை என்று. அப்போது கையை உதறினால் அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குப் பேச்சு இருக்காது. முந்தின நாளே பேசி வைக்க வேண்டும். ‘எனக்கு முன்னாடியே எடுத்து வச்சிருங்க’ என்று கேட்பதுதான் பலரும் செய்கிற தவறு. அதே பானையிலிருந்து முதலில் எடுத்தால் படையல் எச்சிலாகிவிடும் என்பது அம்மாவின் மனசு. அதை மீறச் சொல்லாதீர்கள். தனிப் பாத்திரத்தில் நீங்களே அரைப் படி அரிசி வடித்துக்கொள்ளுங்கள். வடைக்கு மாவாட்டிக் கொடுங்கள். “எனக்குத் தனியா வச்சிருக்கேம்மா, நீங்க படைச்சிட்டு வாங்க, சேர்ந்து சாப்பிடுவோம்.” படையல் முடியும்வரை பசியோடு காத்திருந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாக முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டால் நீங்கள் தனி வீட்டுக்காரர் ஆகிவிடுவீர்கள்.

தைப்பொங்கலுக்கு இந்தத் தொல்லை குறைவு. பல சபைகளிலேயே பொங்கல் வைக்கிறார்கள். அடுப்பு மூட்டுவது, கரும்பு வாங்குவது, கோலத்துக்குச் சாணி தெளிப்பது எல்லாம் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.

பொட்டு, பூ, தாலி பற்றி ஒரு வார்த்தை. பொட்டு வைக்காத பெண்ணைப் பார்த்து ‘தாலி அறுத்தவளா நீ’ என்று மாமியார் கேட்பதில் இருப்பது இறையியல் அல்ல, திகில். கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் கட்டிய தாலியைக் கழற்றச் சொல்லும் ஊழியக்காரர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பொட்டு விஷயத்தில் சபைக்குச் சபை வித்தியாசம் இருக்கிறது. எந்த முடிவுக்கு வந்தாலும் அதைத் திங்கட்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சபை வாசலில் அழித்துவிட்டுத் தெருமுனையில் திரும்ப ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிற பிள்ளைகள் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கொடை வரி

தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி உண்டு. ஒரு தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். அப்பா தலைக்கட்டாக இருக்கும்வரை அது அவர் பணம், அவர் விருப்பம். அதில் உங்களுக்கு வேலை இல்லை. உங்களுக்குக் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆனதும்தான் கேள்வி வரும். வரி பிரிக்க ஆள் வாசலுக்கு வந்து நிற்கும்போது ‘தரமாட்டேன்’ என்பது மிக மோசமான முறை. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. கூட்டம் போடுவதற்குப் பத்து நாள் முன்னால் ஊர்ப் பெரியவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். “சித்தப்பா, கொடை வரி என்னால குடுக்க முடியாது, என் மனசாட்சி. ஆனா அதே ரூபாய நான் ஊருக்குத் தாறேன். பள்ளிக்கூடத்துக்கோ தண்ணித் தொட்டி மோட்டாருக்கோ எழுதிக்கிடுங்க.” தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது, விசுவாசம் என்பது காசை மிச்சம் பிடிக்கும் வழி என்ற பேச்சு அதோடு நிற்கும். ரசீது கேட்டு வாங்கி வையுங்கள். ஒத்துக்கொள்ளாத ஊர்களும் உண்டு. அங்கே சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனால் முதல் வருஷமே காவல் நிலையத்துக்கு ஓடாதீர்கள்.

1799இல் நெல்லைச் சீமையில் அடித்துத் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்காக தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்று நிலம் வாங்கி உருவாக்கியதுதான் முதலூர் என்ற கிராமம். அன்றைக்கு அது உயிர் காத்தது. இன்றைக்கும் சிலர் அதே நினைப்பில், பிரச்சினை வந்ததும் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு சபைக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் போங்கள். இல்லையென்றால் இருங்கள். போய்விட்டவனை வீட்டார் பத்து வருஷம் கழித்தும் ‘ஓடிப்போனவன்’ என்றுதான் சொல்வார்கள்.

சாவு வீடு

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். இங்கே தப்பினால் திருத்த இன்னொரு வாய்ப்பு கிடையாது. ஆகவே அப்பா திடமாக இருக்கும்போதே இதைப் பேசி முடியுங்கள், தம்பியோ தாயாதியில் ஒருவரோ கூட இருக்கும்போது. ‘கொள்ளி வைக்கமாட்டேன்’ என்பதிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். என்னவெல்லாம் செய்வேன் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் உடைப்பது, சிதைக்குத் தீ வைப்பது, மொட்டை, பதினாறாம் நாள் காரியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எது வழிபாடு எது மரியாதை என்று போதகரோடு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். தீ வைப்பது மட்டும் அடக்க வேலைதான் என்று அனுமதிக்கும் போதகர்களும் உண்டு. முழுக்க விலகச் சொல்கிறவர்களும் உண்டு. எந்தப் பக்கமானாலும் முடிவு முன்கூட்டியே இருக்க வேண்டும். சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது போதகருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் செய்யாத சடங்குகளை யார் செய்வார் என்ற பெயரும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பணத்தைக் கட்டி உடலைக் கொண்டுவருவது நீங்கள். குளிப்பாட்டும்போது அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடிப்பது நீங்கள். பாடையில் முன்தோள் உங்களுடையது. சுடுகாட்டுச் செலவு, பந்தல், நாற்காலி, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு, எல்லாமே உங்கள் கையிலிருந்து போகட்டும். பதினாறு இரவும் அம்மா படுக்கும் அறையில் படுங்கள். இதையெல்லாம் செய்தவனை ‘கொள்ளி வைக்காதவன்’ என்று ஊர் ஒரு நாள் பேசும், இரண்டாம் நாள் அம்மாவே பதில் சொல்லிவிடுவார். வெள்ளைச் சட்டை போட்ட சபைக்காரர்கள் நாலு பேரோடு வேலியோரம் ஒதுங்கி நின்றவனுக்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். சபையாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இந்து வீட்டு இழவில் பாட்டுப் பாட வேண்டாம், கைப்பிரதி கொடுக்க வேண்டாம், வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனால் போதும்.

உங்களுக்கு ஒன்று ஆனால்? சபையில் சேரும்போதே அடக்க நிலம் எது என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டம் இல்லாத தனிச் சபைகள் ஏராளம். இருக்கிற தோட்டத்திலும் அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாவு வீட்டில் குடும்பமும் சபையும் உடலுக்காகச் சண்டை போடுவதைவிடக் கேவலமான சாட்சி இல்லை. எங்கே, எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மனைவியிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள்.

காகிதங்கள்

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாதீர்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும், போதனை ஆறு மாதமாவது நடந்திருக்க வேண்டும், வீட்டுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்காக எடுக்கும் ஞானஸ்நானத்தை நல்ல போதகர் கொடுக்கமாட்டார். சான்றிதழில் தேதி, இடம், கொடுத்தவர் பெயர், சாட்சிகள் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பெயர் மாற்றுவது கட்டாயமல்ல. பவுலின் உடன் ஊழியர்களையே பாருங்கள். அப்பொல்லோ என்ற பெயர் கிரேக்கரின் அப்பல்லோ தெய்வத்திலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்து அப்ரோடைட் என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயரைச் சுமந்தவன். பவுல் யாருக்கும் பெயரை மாற்றிவைக்கவில்லை. மாற்ற விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, ஆதார் தொடங்கி எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு மாற்றுங்கள். பாதியில் விட்டால் பென்ஷன் வரைக்கும் துரத்தும்.

பட்டியல் சாதியில் பிறந்தவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். 1950ஆம் ஆண்டு அரசியல் சாசன (பட்டியல் சாதிகள்) ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. சீக்கியர்கள் 1956லும் பௌத்தர்கள் 1990லும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் எடுத்து ஆலயத்துக்குப் போய்க்கொண்டே வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரி வழக்கில், அது அரசியல் சாசனத்தின் மீதே செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஆணை நியாயமா என்பது வேறு விவாதம். எங்களுக்கு அது அநியாயமாகவே படுகிறது. ஆனால் அநியாயமான சட்டத்துக்குப் பொய்ச் சான்றிதழ் பதிலாகாது. ‘ஞாயிறு ஜான், சான்றிதழில் முருகேசன்’ என்று ஓட்டலாம் என்று யோசனை சொல்லும் போதகர் உங்கள் வேலை போகும் அன்றைக்கு கூட நிற்கமாட்டார். ஏற்கெனவே அந்த ஒதுக்கீட்டில் வேலையில் இருப்பவர் ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

சொத்தில், மதம் மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, நீங்கள் மதம் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை வராது, வாரிசுரிமை எழும் நேரத்தில் அவர்கள் இந்துக்களாக இருந்தால் தவிர. அதாவது தாத்தாவுக்கு முன்னால் நீங்கள் இறந்துவிட்டால் பேரப்பிள்ளை வெளியே நிற்க நேரிடும். தாத்தா உயில் எழுதினால் பிரச்சினை தீரும். ஆனால் அதை நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். மதம் மாறியவன் சொத்து பற்றிப் பேசினால் அது எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கல்யாணம்: இந்து திருமணச் சட்டத்தில் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். வீட்டுக்காகக் கோயிலில் தாலி கட்டிவிட்டு மதத்தை மறைத்துப் பதிவு செய்தால் பின்னால் அந்தக் கல்யாணமே கேள்விக்குள்ளாகும். 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவனோ மனைவியோ விசுவாசி இல்லையென்றால்

கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் மட்டும் விசுவாசியானால், மற்றவர் சேர்ந்து வாழச் சம்மதிக்கும்வரை விட்டுப் பிரியக் கூடாது என்பது வேதம் (1 கொரிந்தியர் 7:12, 13). மதம் மாறியதை விவாகரத்துக்குக் காரணமாக இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவு ஏற்கிறது என்பது சட்டம். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது ரொம்ப எளிமையானது: அதிகாலை ஆராதனை உள்ள சபையைத் தேர்ந்தெடுங்கள், ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். முந்தின இரவே காய் நறுக்கி, மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். முழு இரவு ஜெபம், வாரம் நாலு கூட்டம் என்பதெல்லாம் வேண்டாம். காணிக்கை உங்கள் சம்பாத்தியத்திலிருந்து மட்டும், வீட்டுப் பங்கு கொடுத்த பிறகு. கணவர் சட்டைப்பையிலிருந்து தசமபாகம் எடுப்பது திருட்டு. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு எப்படித் திட்டினார் என்று மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கை நீட்டினால் இந்த ஆலோசனை எதுவும் செல்லாது. கீழ்ப்படிதல் என்றால் காயத்தை முந்தானையால் மூடுவது என்று அர்த்தமில்லை. பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 உங்களுக்கும் பொருந்தும்.

மிரட்டல் வந்தால்

தான் ரோமக் குடிமகன் என்ற உரிமையைப் பவுல் சரியான நேரத்தில் எடுத்துச் சொன்னார், சாட்டையடிக்கு வாரினால் கட்டிய பிறகு, முதல் அடி விழுவதற்கு முன்னால். அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு மத சுதந்திரம் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டது அது. 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை வேறு, இன்னொருவரை மாற்றும் உரிமை வேறு என்று பிரித்துச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனாலும் நோயாளியிடம் ‘குணமாவாய், சேர்ந்துவிடு’ என்பது, அரிசி கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது இரண்டையும் நிறுத்துங்கள், சட்டத்துக்குப் பயந்து அல்ல, அது அசிங்கம் என்பதால்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், யார் வந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே, யார் பார்த்தார்கள். புகாரில் அந்த வார்த்தைகள் இருந்தால்தான் மிரட்டல் வழக்கு நிற்கும். ‘எங்களைத் துன்புறுத்தினார்கள்’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. ஆராதனைக்குள் புகுந்து கலைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 300ஆம் பிரிவு. புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். வீடியோவை வெட்டி ஒட்டி இணையத்தில் போட்டால் வழக்கும் கெடும், ஊரும் கெடும்.

வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் புகார்களில் சத்தமும் வண்டிகளும் அடிக்கடி அடிபடும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பதினைந்து பேருக்கு மைக் எதற்கு? கதவைச் சாத்திப் பாடுங்கள், பைக்குகளைப் பிரதான சாலையில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். குடும்ப ஜெபம் வேறு, வாராவாரம் வெளியாட்கள் கூடும் ஜெபக்கூடம் வேறு. இரண்டாவதுக்குக் கட்டட அனுமதிக் கேள்வி வரும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊழிய அழைப்பு

இத்தனைக்கும் நடுவில் சிலருக்கு ‘முழு நேரமாக வா’ என்ற அழைப்பு உறுதியாக இருக்கும். கூட்டத்தில் கை தூக்கிய அன்றைக்கே வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். இரண்டு வருஷம் வேலையில் இருந்துகொண்டே சபையில் ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரி சந்திப்பு, கழிவறை சுத்தம் என்று எல்லாவற்றையும் செய்து பாருங்கள். மேடை மட்டும் பிடித்திருந்தால் அது அழைப்பு அல்ல. கடனை அடையுங்கள். தங்கைக்குக் கல்யாணப் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தால் அதை முடியுங்கள் அல்லது பணமாக ஒதுக்கி வையுங்கள். அழைப்பை உங்கள் சபை மூப்பர்களும் உறுதிப்படுத்த வேண்டும். கனவு மட்டும் போதாது.

படிப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு, ஏற்கெனவே பட்டதாரியானவர்களுக்கு நான்கு வருஷம். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் போன்ற இடங்களில் படிக்கலாம். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) குருப்பட்டம் பெற எண்ணினால் முதலில் திருமண்டலம் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். சொந்தச் செலவில் படித்து முடித்துவிட்டு வந்து நின்றால் வேலை உறுதியில்லை. இது தெரியாமல் நாலு வருஷத்தைச் செலவழித்தவர்கள் உண்டு. வட இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கிறவருக்கும் முன்னறிவிப்புக் கடமை உண்டு.

வீட்டுக்குச் சொல்லும்போது மாதாமாதம் எவ்வளவு அனுப்புவேன் என்ற தொகையோடு போய்ச் சொல்லுங்கள். உபகாரச் சம்பளம் சொற்பமாக இருந்தாலும் அதில் ஒரு பங்கு, ஆயிரம் ரூபாய் என்றாலும் சரி, ஐந்தாம் தேதி தவறாமல் அம்மா கணக்கில் விழ வேண்டும். வங்கியில் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை, நாடகம் ஓடாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். அவர் எடுத்த எடுப்பில் ‘சாப்பிட்டியா’ என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று விவரமாகச் சொல்லிவிட்டு, அங்கே என்ன குழம்பு என்று கேளுங்கள். அப்பா போனை வாங்க மறுத்தாலும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.